கல்லு மேல பழி போடாதீங்க

கல்லு உருட்டிப் பாலிஷ் பண்ற மெஷின் எங்க வட்டாரத்துல இப்ப ஏழெட்டு வீட்டுல ஓடுது. விக்கிறவங்க அதை டம்ளர்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல டம்ளர்னா டீ குடிக்கிறது. அதனால இந்தப் பதிவு முழுக்க உருட்டு மெஷின்னே எழுதறேன்.

வாங்கினவங்கள்ல பாதிப் பேர் ஒரே குறையோட வர்றாங்க. "ஒரு மாசம் ஓட்டினேனுங்க, கல்லு மங்கலாவே இருக்குது. நம்ம காட்டுக் கல்லு சரியில்லை போல. வேற எந்த பாலிஷ் பவுடர் வாங்கலாம்?" அப்படீங்கறாங்க. சில பேர் பழைய பவுடர் டப்பாவையும் கையோட கொண்டு வந்துடறாங்க.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். குத்தம் கல்லுலயும் இல்லை, பவுடர்லயும் இல்லை. முதல் வாரத்து வேலையிலயும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல கழுவுறதுலயும்தான் பத்துல ஒம்போது கோளாறு இருக்கு. அந்த ரெண்டும் சுவாரசியம் இல்லாத வேலை, அதனால யாரும் அதுல நேரம் செலவு பண்றதில்லை. விக்கிறவங்களும் அதைப் பத்திப் பேசறதில்லை. "இன்னும் பத்து நாள் ஓட்டுங்க"ன்னு சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும்? "இந்தப் புது பவுடர் போட்டுப் பாருங்க"ன்னா ஒரு டப்பா விக்கும்.

நம்ம கல்லு சரியில்லையா?

காங்கேயம், வெள்ளகோவில், கரூர் பக்கம் காடு வெச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும். மழை பெஞ்சு உழவு ஓட்டின மறுநாள் கொரங்காட்டுல நடந்தா வெங்கச்சாங்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சந்திரகாந்தக்கல்லுன்னு எதாவது ஒண்ணு கண்ணுல படும். படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், அதாவது பெரில், வெள்ளைக்காரன் காலத்துலயே தோண்டி எடுத்தது. நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல்ல 1985ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு பண்ணினப்போ பளிங்கு, பெரில், சூதுபவளம்னு பல கல்லுல மணியும், பாதி வேலையில விட்ட மணியும் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால கரண்ட் இல்லாம, மோட்டார் இல்லாம இந்த மண்ணுல உக்காந்து கல்லுக்கு மெருகு ஏத்தியிருக்காங்க. அதனால நம்ம காட்டுக் கல்லு பளபளக்காதுன்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியலைங்க.

ஆனா எல்லாக் கல்லும் ஒண்ணில்லை. கடினத்தை 1 முதல் 10 வரைக்கும் அளக்கிற மோஸ் கணக்குல பளிங்கு, வெங்கச்சாங்கல், செவ்வந்திக்கல் எல்லாம் 7. சந்திரகாந்தக்கல் 6. பெரில் 7.5க்கு மேல. சுக்காங்கல்லுல இருக்கிற சுண்ணாம்புப் பொருள் வெறும் 3. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டா என்ன ஆகும்? கெட்டிக் கல்லு மெதுக் கல்லைத் தின்னுடும். மிச்சம் இருக்கிறதும் சேறு பூசின மாதிரி வரும். மாடு, ஆடு, கோழி மூணையும் ஒரே தொட்டியில தீவனம் போட்டுக் கட்டினா எது சாப்பிடும், எது மிதிபடும்னு நமக்குத் தெரியாதா?

பிரிக்கிறதுக்கு லேப் வேண்டாம். பேனாக்கத்தியால கீறிப் பாருங்க. கோடு விழுந்தா மெதுக் கல்லு, தனியா எடுத்து வைங்க. கண்ணாடித் துண்டுல கல்லைத் தேய்ச்சுப் பாருங்க. கண்ணாடியில கோடு விழுந்தா கெட்டிக் கல்லு. சந்தேகம் இருந்தா நாலு சொட்டு வினிகர் விடுங்க. நுரைச்சா சுண்ணாம்பு. கருங்கல் துண்டை உருட்டவே உருட்டாதீங்க. அதுல காக்காப்பொன்னும் மத்த கெட்டித் துகளும் கலந்து கிடக்கும். மெதுவா இருக்கிறது முதல்ல உதிர்ந்து, குழி குழியா அம்மை விழுந்த மாதிரி ஆயிடும். அதுக்கு எந்தப் பவுடரும் மருந்து இல்லை.

முதல் கட்டம்தான் உழவு

நிலத்துல அஞ்சு கலப்பை ஓட்டி, அப்புறம் ஒம்போது கலப்பை ஓட்டி, கடைசியில ரொட்டவேட்டர் விடறோம். முதல் ரெண்டையும் விட்டுட்டு நேரா ரொட்டவேட்டர் ஓட்டினா மேல மாவு மாதிரி மண்ணு, ஒரு சாண் கீழே பாறை. பார்க்க அழகா இருக்கும், கடலை இறங்காது. உருட்டு மெஷின்லயும் இதே கதைதான்.

மொத்தம் நாலு கட்டம். முதல்ல 60/90 நம்பர் சிலிக்கான் கார்பைடு தூள், நம்ம பட்டறைக்காரங்க கார்பரண்டம்னு சொல்றது. அடுத்தது 120/220. மூணாவது 500. கடைசியில அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் பவுடர். ஒவ்வொண்ணும் ஒரு வாரம்னு டப்பாவுல அச்சடிச்சிருக்கும். அந்த ஒரு வாரம்தான் எல்லாரையும் ஏமாத்துது. மத்த மூணுக்கும் ஒரு வாரம் கிட்டத்தட்ட சரி. முதல் கட்டத்துக்குக் காலண்டரே கிடையாது. கல்லுல குழி, வெடிப்பு, கூர்முனை போற வரைக்கும் ஓடணும். சில கல்லு ஒரு வாரத்துல தயாராயிடும், சிலது அஞ்சு வாரம் கேக்கும். வாரம் ஒரு தடவை திறந்து, கழுவி, தயாரானதை மட்டும் எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தைப் புதுத் தூளோட திரும்ப ஓட்டணும். எடுத்து வெச்சது ஒரு டப்பா அளவு சேர்ந்த பிறகுதான் ரெண்டாவது கட்டம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? முதல் கட்டத்துல போகாத குழி அப்புறம் போகாது. ரெண்டாவது தூளுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. அதோட அந்தக் குழிக்குள்ள 60 நம்பர் தூள் ஒளிஞ்சுகிட்டு இருந்து, பாலிஷ் கட்டத்துல வெளிய வந்து எல்லாக் கல்லு மேலயும் கோடு கிழிக்கும். ஒரே ஒரு குழிக் கல்லு டப்பா முழுக்கக் கெடுத்துடும்.

கல்லைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கிறது

பவுடர் வாங்கக் கிளம்பறதுக்கு முன்னால இதையெல்லாம் பாருங்க.

நனைஞ்ச கல்லைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தண்ணியில எந்தக் கல்லும் அழகாத்தான் இருக்கும். துடைச்சு, நிழல்ல நல்லாக் காய வெச்சு, அப்புறம் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. 500 நம்பர் முடிஞ்ச கல்லு காய்ஞ்ச பிறகும் கோடு இல்லாம, பட்டுத்துணி மாதிரி லேசான மினுக்கோட இருக்கணும். அது இல்லைன்னா பாலிஷ் கட்டத்துக்குப் போகாதீங்க.

பாலிஷ் முடிஞ்சும் மங்கலா இருந்தா பழைய ஜீன்ஸ் துணி ஒரு துண்டை நனைச்சு, கொஞ்சம் பாலிஷ் பவுடர் தடவி, ஒரு கல்லை ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தித் தேயுங்க. தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு வந்தா முன்னாடி மூணு கட்டமும் சரி, பாலிஷ் கட்டத்துலதான் ஏதோ கோளாறு. தேய்ச்சும் வரலைன்னா பின்னால போகணும். எந்தப் புது பவுடரும் அங்க உதவாது. இந்த மூணு நிமிஷ சோதனை பண்ணாம பவுடர் வாங்கறது, மண்ணுப் பரிசோதனை பண்ணாம யூரியா கொட்டற மாதிரிதான்.

கல்லு ஓரத்துல வெள்ளை வெள்ளையா அடிபட்ட தழும்பு இருந்தா டப்பா காலியா ஓடுதுன்னு அர்த்தம். பாதிக்குக் கீழே நிரப்பினா கல்லு உருளாது, மேல போயி தொப்புன்னு விழும். மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல நிரப்புங்க, முக்காலைத் தாண்ட வேண்டாம். தாண்டினா உள்ள நகரவே இடம் இருக்காது. ஒவ்வொரு கட்டத்துலயும் கல்லு தேய்ஞ்சு அளவு குறையும், அந்த இடத்தைச் செராமிக் உருண்டையோ பிளாஸ்டிக் குருணையோ போட்டு நிரப்பணும். பெரிய கல்லு மட்டும் போடறதும் தப்பு. பொடிக் கல்லுதான் இடுக்குல போயி வேலை செய்யும். சந்திரகாந்தக்கல் அடுக்கு அடுக்காப் பிளக்கிற சாதி. அதைத் தனியா, நிறையக் குருணையோட ஓட்டினாத்தான் தப்பிக்கும்.

தண்ணி கல்லோட மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்னாப் போதும். முழுக்க மூழ்கடிச்சாத் தூள் கல்லுல ஒட்டாம மிதந்து சுத்தும். தூள் கிலோவுக்கு நாலு மேசைக்கரண்டி போதும், ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு வேகமா ஆகாது.

டப்பா மூடி உப்பிக்கிட்டு வந்தா உள்ள காத்து சேர்ந்திருக்கு. மண்ணும் சுண்ணாம்பும் ஒட்டின கல்லைப் போட்டா சில சமயம் இப்படி ஆகும். நிறுத்தி, திறந்து காத்தை விட்டுட்டு மூடுங்க. முதல் நாலு நாள் தினம் ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது.

மோட்டார் சுத்துது, டப்பா சுத்தலைன்னா உடனே மோட்டாரைக் கழட்டாதீங்க. டப்பாவுக்கு வெளியில ஈரமோ எண்ணெயோ பட்டு வழுக்கும். துடைச்சுப் பாருங்க. அடுத்து பெல்ட்டைப் பாருங்க. அதுவும் சரின்னா எடை கூடிப்போச்சு. கரண்ட் போனாக் கவலைப்பட வேண்டாம், வந்த பிறகு ஓடட்டும். ஆனா ரெண்டு மூணு நாள் நிறுத்திப் போட்டா அடியில சேறு இறுகி சிமெண்ட் மாதிரி ஆயிடும்.

கழுவறதுல கஞ்சத்தனம் வேண்டாம். கல்லு, டப்பா, மூடி, மூடியோட உள் விளிம்பு எல்லாத்தையும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்க்கணும். கட்டம் மாறும்போது கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு வெறும் தண்ணியில அஞ்சாறு மணி நேரம் ஓட்டினா ஒளிஞ்ச தூளும் வந்துடும். முடிஞ்சா பாலிஷுக்குன்னு தனி டப்பா வெச்சுக்குங்க. காசு செலவு பண்ணணும்னா அதுக்குப் பண்ணுங்க, நாலாவது பவுடருக்குப் பண்ணாதீங்க.

போர் தண்ணி

எந்த வீடியோவுலயும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். எவர்சில்வர் குடத்துல ரெண்டு நாள் வெச்சா வெள்ளைப் படலம் ஏறுது. அதே தண்ணியில கழுவிக் காய வெச்ச கல்லு மேல அதே படலம்தான் ஏறும். நல்லாப் பாலிஷ் ஆன கல்லுகூட மங்கலாத் தெரியும். "மாசம் ஓட்டியும் வரலை"ன்னு கொண்டு வந்த கல்லுல சிலதுக்கு இருந்த குறை இதுதான்.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு பளிங்குக் கல்லை எடுத்து வினிகர்லயோ எலுமிச்சைச் சாறுலயோ அரை மணி நேரம் ஊற வெச்சு, மழைத்தண்ணியில அலசித் துடைங்க. பளபளப்பு வந்தா அது உப்புப் படலம். வரலைன்னா கோடு. பளிங்கு, வெங்கச்சாங்கல்லுக்கு இது ஒண்ணும் செய்யாது, சுண்ணாம்புக் கல்லை மட்டும் இப்படி ஊற வைக்காதீங்க. கடைசிக் கட்டத்துக்கும் கடைசி அலசலுக்கும் ஓட்டுல விழற மழைத்தண்ணியை ரெண்டு குடம் பிடிச்சு வெச்சுக்குங்க. போதும்.

அவசரத்துல கிரைண்டர் எடுக்கிறவங்களுக்கு

இதுவரைக்கும் சொன்னது காசும் நேரமும் போற விஷயம். இது உசுரு போற விஷயம். முதல் கட்டம் அஞ்சு வாரம் ஆகுதுன்னு பொறுக்க முடியாம, வெல்டிங் பட்டறை கிரைண்டர்ல கல்லோட முனையைக் காய்ஞ்சபடியே தேய்க்கிறாங்க. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, பக்கத்துல குழந்தைங்க வேடிக்கை பார்க்கத் தேய்க்கிறாங்க.

வெங்கச்சாங்கல், பளிங்கு எல்லாம் முழுக்க சிலிக்கா. காய்ஞ்சு தேய்க்கிறப்போ வர்ற தூசியில கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரல் அடி வரைக்கும் போயி அங்கயே தங்கிடும். சிலிகோசிஸ்னு பேரு. வந்தாத் திரும்பாது. குஜராத்துல காம்பத்னு ஒரு ஊர், அகேட் கல்லுல மணி செய்யறதுக்குப் பல நூறு வருஷமாப் பேர் போனது. அங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து கல்லு தேய்ச்ச குடும்பங்கள்ல இந்த நோய் எவ்வளவு பேரைக் கொண்டு போச்சுங்கறது மருத்துவ ஆய்வுகள்ல பதிவான விஷயம். தேய்க்கிறவங்களோட நிக்கலை, அதே வீட்டுல, பக்கத்து வீட்டுல இருந்தவங்களுக்கும் வந்திருக்கு. துண்டு கட்டினா அந்தத் தூசி நிக்காது.

உருட்டு மெஷின் எனக்குப் பிடிச்சதுக்குக் காரணமே இதுதான். எல்லாம் தண்ணிக்குள்ள நடக்குது, தூசி பறக்கறதில்லை. அதோட மெதுவான வேகத்தைக் குறைன்னு நினைச்சு கிரைண்டரை எடுத்தா, அதுல இருக்கிற ஒரே நல்லதையும் தூக்கி எறியறோம். தூள் கொட்டும்போதும் காத்து அடிக்காத இடத்துல மெதுவாக் கொட்டுங்க. சிந்தினதைக் கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

கழுவின சேத்தைச் சாக்கடையில ஊத்த வேண்டாம். அது கரையற பொருள் இல்லை, குழாய்க்குள்ள உக்காந்து இறுகிடும். ஒரு வாளியில ஊத்தி ரெண்டு நாள் தெளிய விட்டு, மேல் தண்ணியைக் கிணத்துக்குத் தள்ளி வேலி ஓரமா விட்டுட்டு, அடிச் சேத்தைக் காய விடாம ஈரமாவே குழி தோண்டிப் புதைச்சிடுங்க.

மாசம் முப்பதாயிரம் வருமா?

உருட்டு மெஷின் நாலு வாங்கிப் போட்டா மாசம் இவ்வளவு சம்பாதிக்கலாம்னு சொல்ற வீடியோ இப்ப போன் போனா வருது. காடு வறண்டு கிடக்கிற வருஷத்துல அதைப் பார்க்கிற பையனுக்கு ஆசை வரத்தான் செய்யும். நகைக்கடன் வாங்கி மெஷின் வாங்கலாமான்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. வேண்டாம்னுதான் சொன்னேன், இப்பவும் சொல்றேன். உருட்டின வெங்கச்சாங்கல் குவியலா விக்கிற சரக்கு. எடைக்கு எடை போட்டி போட நம்மால முடியாது. நல்ல தரமான கல்லு ஒண்ணு கிடைச்சா அதை உருட்டவே கூடாது. பட்டை தீட்டறவங்க கையில கொடுக்கணும், உருட்டினா எடையும் போயி மதிப்பும் போயிடும்.

கல்லு மங்கலா வந்தா எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக் காட்டி விக்கிற யாவாரமும் நடக்குது. வெள்ளைத்துணியில தேய்ச்சா மாட்டிக்கும். நாம அந்த வேலையைச் செய்ய வேண்டாம். இது பொழுதுபோக்கு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க போனை வெச்சுட்டு, "இந்த வாரம் டப்பா திறக்கலாமா"ன்னு காத்திருக்காங்க பாருங்க, எனக்கு அதுவே போதும்.

உருட்டவே கூடாத கல்லு

கடைசியா ஒண்ணு. கொடுமணல் மாதிரி பழைய மேடு இருக்கிற ஊர்ப் பக்கம் உழவு ஓட்டறப்போ ஓட்டை போட்ட மணி, ஓட்டை போடாம விட்ட உருண்டை, பட்டை வெச்ச துண்டு கிடைக்கும். சின்னதா, மங்கலா, அழுக்கா இருக்கும். பார்த்த உடனே டப்பாவுல போட்டா பளிச்சுன்னு ஆயிடும்னு தோணும். போடாதீங்க. அது மேல இருக்கிற கீறலும், துளை போட்ட தடமும், பாதியில உடைஞ்ச விதமும்தான் நம்ம ஆளுங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு சொல்ற ஒரே சாட்சி. மெஷின் ஒரு வாரத்துல அத்தனையையும் அழிச்சிடும், அப்புறம் அது வெறும் உருண்டை.

எங்க கிடைச்சுதோ அந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு, போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரியப்படுத்தணும்கிறதும் இருக்கு. நிலத்தைப் பிடுங்கிக்குவாங்கன்னு பயந்து மறைக்கிறவங்க இருக்காங்க. ஒரு மணியைச் சொன்னதுக்காக யார் காட்டையும் பிடுங்கினதை நான் பார்த்ததில்லை.

மங்கலாக் கல்லு வெச்சிருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடுத்துட்டு வாங்க. ஜீன்ஸ் துணியும் வினிகரும் இங்க இருக்கு. எந்தக் கட்டத்துல கோளாறுன்னு சேர்ந்து பார்க்கலாம். வர்றப்போ பவுடர் டப்பா வேண்டாம், கல்லு மட்டும் போதும்.